புதிய மண்ணில் பழைய ஆசிரியர்

கல்வியுடையவரை எந்நாடும் போற்றும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நாடு பெயர்ந்து செல்ல நேர்ந்தால், அச்சிறப்பும் அவருடன் செல்கிறதா? மருத்துவருக்கு எந்நாட்டிலும் உடல் ஒன்றே. ஆசிரியருக்கோ மொழி, பாடத்திட்டம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, மாணவர் பேசும் முறை ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. அந்நிலையில் அவருக்கு உதவுவது இரக்கமா, கடமையா? இவ்வினாவை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

2015ஆம் ஆண்டில் சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 8,90,000 பேர் ஜெர்மனியில் அடைக்கலம் நாடி வந்தனர். அவர்களுள் பல ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்களும் இருந்தனர். பெர்லின் நகரை அடுத்துள்ள போட்ஸ்டாம் பல்கலைக்கழகம், 2016இல் இத்தகையோருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. தொடக்கத்திலேயே 700க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இடம் கிடைத்ததோ மிகச் சிலருக்கே. ஜெர்மன் மொழி, கல்வியியல், பள்ளியில் நேரடிப் பயிற்சி ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருந்தன.

அவர்கள் எதிர்கொண்ட தடைகளுள் மொழி வெளிப்படையானது. மற்றொன்று நாம் எண்ணிப் பாராதது. ஜெர்மனியில் பள்ளியாசிரியர் பொதுவாக இரண்டு பாடங்களில் பல்கலைக்கழகக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும். அதன்பின் பள்ளியிலேயே நெடுநாள் பயிற்சிப் பணியும் முடித்தல் வேண்டும். சிரியாவிலிருந்து வந்தவர்களோ பெரும்பாலும் ஒரே பாடத்தில் பட்டம் பெற்றவர்கள். ஆகவே, பல்லாண்டு கணிதம் கற்பித்து முதிர்ந்தவரும் அங்கே பாதி ஆசிரியராகவே மதிக்கப்பட்டார். பயிற்சியை முடித்தவர்களுள் பலர் முழு ஆசிரியராக அன்றி, உதவியாளர் நிலையிலேயே பணியில் சேர நேர்ந்தது.

வகுப்பறைக்குள்ளும் வேறுபாடு உண்டு. மாணவர் வாய்திறந்து விவாதத்தில் கலந்துகொள்வதற்கும் ஜெர்மானியப் பள்ளியில் மதிப்பெண் உண்டு. ஆசிரியர் கூற்றைக் காரணம் காட்டி மறுப்பது அங்கே குறையன்று. அமைதியே ஒழுக்கம் என்று பழகியவருக்கு அது அவமதிப்பாகத் தோன்றக்கூடும். இத்தகைய வழக்கங்கள் எந்தப் பணிவிதியிலும் தெளிவாக எழுதப்பட்டிருப்பதில்லை. உடன் பணியாற்றுபவர் சொன்னாலன்றிப் புதியவருக்கு விளங்குவதில்லை.

அப்படியானால் விதிகளைத் தளர்த்திவிடலாமே என்பார் உண்டு. நான் அதற்கு உடன்படேன். வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அவ்வாண்டு மீண்டும் வாராது. நன்கு கற்பிக்கப்பெறும் உரிமை அதற்கு உண்டு. அவ்வுரிமையைப் பிறர்பால் நாம் கொள்ளும் இரக்கத்திற்காக விட்டுக்கொடுத்தல் அறமாகாது. ஆயினும், வாயிலை உயர்த்தி வைக்கும் உரிமை யாருக்கு உண்டோ, அதற்குப் படி கட்டும் கடமையும் அவர்க்கே உண்டு. ஆசிரியர் வேண்டும் என்று அழைத்துவிட்டு, வந்தவரிடம் குறைகளை மட்டும் கணக்கிட்டுக் காட்டுவது நேர்மையன்று. உதவியாளர் பணியும் ஒரு படியாக அமைந்தால் நன்றே. அதுவே இறுதி இடமாகிவிட்டால் அநீதியே.

ஆசிரியப் பயிற்சித் துறையில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில், அனுபவமுடையவருக்கு உதவுவதே அரிது என்பேன். இளம் பயிற்சியாளர் தாம் அறியாதவர் என்பதை ஒப்புக்கொண்டே வருகிறார். அனுபவமுடையவரோ தாம் அறிந்ததனைத்தும் பயனற்றதாகிவிட்டதோ என்னும் அச்சத்துடன் வருகிறார். உதவி கேட்டால் தகுதியில்லை என்று எண்ணிவிடுவார்களோ எனத் தயங்குகிறார். அத்தயக்கத்தை நீக்கும் பொறுப்பு, வந்தவருடையதன்று. முன்பே அங்கு இருப்பவருடையது.

ஆகவே, வழிகாட்டும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுக்கு என்ன தெரியாது?" என்பதன்று, "உங்கள் ஊரில் இப்பாடத்தை எப்படி நடத்தினீர்கள்?" என்பதே. அதன்பின் எழுதப்படாத வழக்கங்களை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பிழை நேர்ந்தால் மாணவர் முன்னிலையில் திருத்தாது, தனியே அமர்ந்து பேச வேண்டும். அவர் வகுப்பைத் தாம் காண்பது போலவே, தம் வகுப்பையும் அவர் காண அழைக்க வேண்டும். ஒருவர் மட்டுமே கொடுப்பவராக இருக்கும் இடத்தில் நட்பு வளர்வதில்லை. மேலும், அதே போரிலிருந்து தப்பி வந்த சிறுவனுக்கு, அவன் மொழி அறிந்த ஓர் ஆசிரியர் பள்ளியில் இருப்பது எத்துணை ஆறுதல்! அவ்வாறுதலை எந்தப் பயிற்சியாலும் பிறருக்கு ஊட்டிவிட இயலாது.

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று முதற் சில நாள்கள் வெளுத்து வாடும். உழவர் எவரும் அதனைச் சோடை என்று பிடுங்கி எறிவதில்லை. நீர் நிறுத்தி, வேர் பிடிக்கும் வரை பொறுத்திருக்கிறார். பயிர் தானாகவே பச்சை கட்டுகிறது.

இதனைப் படிப்போருள் ஆசிரியர் பலர் இருப்பீர்கள். கடல் கடந்து வந்தவர் உங்கள் பள்ளியில் இல்லாதிருக்கலாம். வேறு மாவட்டத்திலிருந்தோ, வேறு பயிற்றுமொழிப் பள்ளியிலிருந்தோ மாறுதலாகி வந்தவர் ஆசிரியர் அறையின் ஓரத்தில் தனியே அமர்ந்திருக்கக்கூடும். அவர் கேட்கும்வரை காத்திராமல், உங்கள் நாற்காலியைச் சற்றே அவர் பக்கம் நகர்த்துங்கள்.