பொருள் மட்டும் போதுமா?

ஈதல் சிறந்த அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின், ஈகின்றவர் தம் உடலையும் வருத்திக்கொள்ள வேண்டுமோ என்னும் வினா அண்மையில் நம் உள்ளத்தில் எழுந்தது. அதற்குக் காரணம், கடல்கடந்த நாடு ஒன்றில் நடைபெறும் மிதிவண்டிப் பயணம் பற்றி நாம் அறிந்ததே.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரையில் உள்ளது ஆல்பனி என்னும் ஊர். அங்கிருந்து மாநிலத் தலைநகராகிய பெர்த் வரை, 2003ஆம் ஆண்டு முதல் 'ரைடு ஃபார் யூத்' என்னும் பயணம் நடைபெற்று வருகிறது. நெடுஞ்சாலை வழியே சென்றால் ஏறத்தாழ 410 கிலோமீட்டர் தொலைவுதான். இவர்களோ சிற்றூர்கள் பலவற்றைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் மிதிக்கின்றனர். இதில் கலந்துகொள்வோர் உற்றாரிடமும் நண்பரிடமும் நன்கொடை திரட்டுகின்றனர். அத்தொகை 'யூத் ஃபோகஸ்' என்னும் அறநிறுவனத்தைச் சேர்கிறது. மனத்துயரால் வாடும் இளையோர்க்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்குவது அந்நிறுவனத்தின் பணி. அந்நாட்டில் 15 முதல் 24 வயது வரையுள்ளோர் இறப்புக்கு முதன்மைக் காரணம், அவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதுதான் என்பதை எண்ணினால் இப்பணியின் அருமை விளங்கும்.

"பணமாகவே கொடுத்துவிடலாமே, மிதிப்பானேன்? பின்தொடரும் வண்டிகளுக்கும் உணவுக்கும் தங்குமிடத்திற்கும் ஆகும் செலவையும் அத்துடன் சேர்க்கலாமே? இத்தனை தொலைவு மிதித்தேன் என்னும் செருக்கு ஈகையின் பயனைக் கெடுக்காதா?" எனச் சிலர் வினவலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். இவ்வினாக்களில் நியாயம் இல்லாமல் இல்லை. உடலை வருத்துவது மட்டுமே அறமாகிவிடாது.

ஆயின், அவர்கள் வழியில் செய்வதைக் கவனித்தல் வேண்டும். ஆங்காங்கே உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் இறங்கி, மாணவர்முன் நின்று, மனத்துயரைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றனர். உதவி கேட்பது இழிவன்று என்று எடுத்துரைக்கின்றனர். நெடுஞ்சாலையில் காரில் விரைவோர் இப்பள்ளிகளின் வாயிலில் நிற்பாரா? நம் முனிவர்கள் ஊர்தி ஏறாது நடந்தே செல்வதாலன்றோ வழியிலுள்ள சிற்றூர்களும் அறவுரை கேட்கும் பேறு பெறுகின்றன! தனக்காக ஒருவர் வியர்க்க வியர்க்க வந்து நிற்கிறார் என்பதை ஒரு பிள்ளை கண்ணால் காண்பது, காசோலையால் ஆகும் செயலன்று.

கூட்டமாக மிதிப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்செல்பவர் எதிர்காற்றைத் தாங்குகிறார். பின்வருவோர்க்கு அத்தடை பெரிதும் குறைகிறது. அவர் களைத்ததும் பின்னே வர, வேறொருவர் முன்னே செல்கிறார். துயருற்ற பிள்ளைக்கும் சிறிது தொலைவு காற்றை மறைத்து முன்செல்ல ஒருவர் வேண்டும்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்தபோது, நன்றாகப் படித்துவந்த மாணவன் ஒருவன் திடீரென வாய்மூடிப் போனான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தான். "ஏன் எழுதவில்லை?" என்று பலமுறை கடிந்தோம். "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. ஒரு திங்கட்கிழமை முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவர் நாமே. நம் கடமை அத்துடன் முடிந்தது என்றிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கடைசி வரிசையில் அவன் அமர்ந்திருந்த இடம் நம் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆதலின் அன்பர்களே, பொருளீதல் வேண்டா என்று நாம் கூறவில்லை; அஃதின்றி எந்நிறுவனமும் நடவாது. எல்லோரும் மிதிவண்டி ஏறவும் வேண்டியதில்லை. நம் வீட்டிலும் உறவிலும் உள்ள இளம்பிள்ளைகளுக்குக் கல்விக்கென்று பணம் கொடுக்கும்போது, அவர்களருகே கால்மணி நேரம் அமர்ந்து, மதிப்பெண்ணைப் பற்றியன்றி மனத்தைப் பற்றிக் கேட்போமாக. அதற்கு நாம் செல்ல வேண்டிய தொலைவு அடுத்த அறை வரைதான்.