கேட்கப்படாதவர்களின் நிறை

ஒருவர் பலருக்காகப் பேசலாமா? மன்றங்களில் நமக்காகப் பேசுபவரை நாமே வாக்களித்து அனுப்புகிறோம். அவர் தவறினால் அடுத்த தேர்தலில் அவரிடம் கணக்குக் கேட்கவும் செய்கிறோம். ஆனால் சமூக ஆய்வுகளில் நமக்காகப் பேசுபவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஏட்டுடன் வந்த ஓர் அந்நியர் ஏதோவொரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அவ்வீட்டார் சொல்லும் விடை, அவர்கள் கண்டிராத ஆயிரம் குடும்பங்களின் விடையாக ஏற்கப்படுகிறது. அதைக் கொண்டே வறுமையின் அளவு குறிக்கப்படுகிறது. மருந்தும் சாலையும் பள்ளியும் எங்கே தேவை என்று முடிவு செய்யப்படுகிறது. ஆகவே, மாதிரி எடுக்கும் கலையையும் அதற்கு நிறையிடும் கலையையும் கற்பது வெறும் கணிதப் பயிற்சியாகிவிடாது. மற்றவர் பெயரால் பேசும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்னும் அறநெறிக் கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். அது உண்மையே. ஆனால் அவ்வுண்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே அரிசி, ஒரே உலைநீர், ஒரே நெருப்பு, இடையிடையே துழாவிவிடும் ஒரு கை. இவையெல்லாம் இருப்பதால்தான் ஒரு பருக்கை பானை முழுவதற்கும் சாட்சியாகிறது. சமுதாயம் அப்படித் துழாவப்பட்ட பானையா? கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நெல்லும் கரும்பும் விளையும் ரிஷிவந்தியம் பகுதியின் சமவெளி ஊர்கள் ஒருபுறம். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, ஆண்டில் சில மாதங்கள் பிழைப்புத் தேடி மலையை விட்டு இறங்கும் மக்கள் வாழும் கல்வராயன் மலைச் சிற்றூர்கள் மறுபுறம். இரண்டும் ஒரே மாவட்டம். ஆனால் ஒரே பானை அன்று. ரிஷிவந்தியத்துக் கடைத்தெருவில் எடுத்த பருக்கை, வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள குடிசையின் பதத்தைச் சொல்லாது.

அப்படியானால் எவரைக் கேட்பது? இதற்கு நவீனப் புள்ளியியல் தரும் முதல் விடை குலுக்கல். கேட்பவரின் விருப்பு வெறுப்புகளுக்கு இடமளிக்காமல், யாரைச் சந்திப்பது என்பதை வாய்ப்பிடம் ஒப்படைப்பதே அது. இந்த எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். எவருடைய செல்வாக்கும் ஓலையைத் தேர்வு செய்யவில்லை. எந்தக் குடும்பும் விடுபடவும் இல்லை. மக்களைப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே குலுக்கல் நடத்தும் இன்றைய படுகை முறையின் சாயலை இதில் காணலாம்.

ஆயினும் அதே கல்வெட்டு வேறொன்றையும் நமக்குக் கற்பிக்கிறது. ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். நிலமற்ற உழவனின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. குலுக்கல் நேர்மையாகவே நடந்தது. ஆனால் குடத்துக்குள் போகாத பெயரை எந்தச் சிறுவனின் கையும் வெளியே எடுக்க முடியாது. பெயர்ப்பட்டியலைப் புள்ளியியலார் சட்டகம் என்பர். ஆய்வின் அறம் கேள்வித்தாளில் தொடங்குவதற்கு முன்னரே இந்தச் சட்டகத்தில் தொடங்கிவிடுகிறது.

சட்டகம் பழுதானால் எண்ணிக்கையின் பெருக்கம் நம்மைக் காப்பாற்றாது. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரியை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றி வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களை அவ்விதழ் பெரிதும் நம்பியிருந்தது. சீட்டைத் திருப்பி அனுப்ப முனைந்தவர்களும் ஒரு சாராராகவே இருந்தனர். நாமும் இதற்கு விலக்கல்லர். மக்கள் ஏன் கோவிலுக்கு வருவதில்லை என்று அறிய விரும்பி, ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருவோரிடம் வினாத்தாள் கொடுக்கும் பங்குகள் இல்லையா? வராதவரைப் பற்றி வந்தவர் சொல்வது செய்தியாகலாம், சாட்சியாகாது.

இனி நிறைக்கு வருவோம். ஒரு பிரிவில் 90 குடும்பங்களுக்கு ஒன்று என்ற வாய்ப்பில் ஒரு குடும்பம் தேர்ந்தெடுக்கப்பட்டால், அக்குடும்பம் தன்னையும் சேர்த்து 90 குடும்பங்களுக்காகப் பேசுகிறது. அந்த 90 என்பதே அதன் நிறை. ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு வட்டாரத்தில் 10,000 குடும்பங்கள். சமவெளியில் 9,000, மலையில் 1,000 என்று கொள்வோம். மொத்தம் 200 குடும்பங்களையே சந்திக்க இயலும். விகிதப்படி பிரித்தால் மலைக்கு 20 குடும்பங்களே கிடைக்கும். அவற்றைக் கொண்டு மலையின் நிலை பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. எனவே இரு பகுதிகளிலும் நூறு நூறு குடும்பங்களைச் சந்திக்கிறோம். பேறுகாலத்தில் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமற்போன குடும்பங்கள் சமவெளியில் 10, மலையில் 60 என்று தெரிகிறது. இரண்டையும் அப்படியே கூட்டினால் 200க்கு 70, அதாவது 35 விழுக்காடு. நிறையிட்டுப் பார்த்தால் சமவெளியின் 10 குடும்பங்கள் 900 ஆகின்றன. மலையின் 60 குடும்பங்கள் 600 ஆகின்றன. 10,000க்கு 1,500, அதாவது 15 விழுக்காடு. வட்டாரத்தின் உண்மைக்கு நெருங்கிய எண் இதுவே.

இங்கே ஒருவர் வெகுண்டெழலாம். சமவெளிப் பெண்ணின் சொல்லுக்கு 90, மலைப் பெண்ணின் சொல்லுக்கு 10 என்பது எவ்வகை நீதி? நியாயமான கேள்வியே. ஆனால் நிறை என்பது மனித மாண்பின் அளவு அன்று. ஒருவருக்குப் பின்னால் கேட்கப்படாமல் நிற்பவர் எத்தனை பேர் என்பதையே அது எண்ணுகிறது. மலையில் பத்துக் குடும்பங்களுக்கு ஒன்றைக் கேட்டோம். சமவெளியில் தொண்ணூறுக்கு ஒன்றைத்தான் கேட்டோம். மலைப்பெண்ணின் நிறை குறைந்திருப்பது, அவர்களை நாம் இன்னும் நெருங்கிச் சென்று கேட்டதன் அடையாளம்.

இதைவிட நுட்பமான சோதனை ஒன்று உண்டு. மலை மக்களுக்கு உதவி பெற்றுத்தர விழையும் ஒரு நல்ல மனிதர், 35 என்ற எண்ணையே விண்ணப்பத்தில் எழுதினால் என்ன? எண் பெரிதானால் இரக்கமும் பெரிதாகும், நிதியும் வரும், நோக்கம் தூயது, கெட்டுப்போவது ஒரு கணக்கு மட்டுமே. இவ்வாறு வாதிடுவோரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் அவர் செய்வது பிழையே. கள்ளப்படி ஏழைக்குச் சார்பாக அளந்தாலும் கள்ளப்படிதான். ஒரு நாள் வேறொருவர் சரியாக அளந்து 15 என்று காட்டும்போது, பொய்யராக நிற்கப்போவது விண்ணப்பம் எழுதியவர் மட்டுமல்லர். அவர் யாருக்காகப் பேசினாரோ அம்மக்களின் மெய்யான துன்பமும் ஐயத்துக்குள்ளாகும்.

மறுபுறம், 15 என்ற எண்ணை மட்டும் எழுதி, நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று கோப்பை மூடிவிடும் அதிகாரியும் நேர்மையானவர் அல்லர். அவருடைய கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தப் பதினைந்து எவருடைய வாழ்வையும் காட்டவில்லை. சமவெளியின் நிலை 10. மலையின் நிலை 60. பதினைந்தில் வாழ்பவர் எவருமிலர். மொத்தத்துக்கு 15 என்றும், மலைக்கு மட்டும் 60 என்றும் இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை. நல்ல மனிதர் தேடிய வலிமையான எண் அந்த அறுபதுதான். அதை அடையப் பொய் தேவையில்லை. மலை ஏறிச் சென்று போதிய குடும்பங்களைக் கேட்டிருந்தால் போதும்.

இது வெறும் கற்பனைக் கவலை அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பழங்குடியினர் 1.1 விழுக்காட்டினர். மாநிலம் முழுவதிலும் ஆயிரம் பேரைக் குலுக்கலில் எடுத்தால் அவர்களில் ஏறத்தாழ 11 பேரே பழங்குடியினராக இருப்பர். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஒருவர்கூட இல்லாமலும் போகலாம். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, 2017 மார்ச் மாதத்தில் இருந்தவாறு நாட்டின் 707 மாவட்டங்களுக்கு விவரம் தந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்ததோ 2019 நவம்பரில். ஆகவே அந்த ஆய்வில் அது விழுப்புரத்துக்குள் அடங்கிவிட்டது. மலையின் நிலையும் அந்தப் பெரிய சராசரிக்குள் கரைந்தது. எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் தீங்கு நினையாமலே ஒரு மக்கள் பிரிவு கண்ணுக்குத் தெரியாமற்போகலாம்.

நிறையால் தீர்க்க இயலாத குறை ஒன்றுண்டு. பத்தில் ஒருவரைக் கேட்டால் பத்தால் பெருக்கலாம்; ஆயிரத்தில் ஒருவரைக் கேட்டால் ஆயிரத்தால் பெருக்கலாம். கேட்கப்படும் வாய்ப்பே அற்றவரை எதனால் பெருக்குவது? சுழியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழியமே. 1950இல் தொடங்கப்பெற்ற தேசிய மாதிரி ஆய்வு, பல சுற்றுகளில், நாகாலாந்தில் பேருந்துத் தடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள உட்பகுதி ஊர்களை விலக்கியே நடந்தது. அதனை அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதியும் வைத்தது. விலக்கியது குறைதான், எழுதி வைத்தது நேர்மை. நாம் அஞ்ச வேண்டியது எழுதப்படாத விலக்கல்களை. பேருந்து நின்ற இடத்தோடு கணக்கெடுப்பை முடித்துக்கொண்டு, மலை முழுவதையும் கண்டதாக அறிக்கை எழுதுவது அத்தகையது.

பூட்டிய கதவும் இவ்வாறே. தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டாரைக் கேட்டுத் தாளை நிரப்பிவிடலாம் என்று களைத்த கால்கள் சொல்லும். தேர்ந்த வீட்டுக்கு மாற்று வீடு கூடாது, மீண்டும் மீண்டும் சென்று பாருங்கள் என்று குடும்பநல ஆய்வு போன்றவற்றின் விதி சொல்லும். காரணம் எளிது. மலையில் பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் பிழைப்புக்காக வெளியூர் சென்றவரின் வீடு. பக்கத்து வீட்டார் ஊரில் இருக்க முடிந்தவர். இவர் விடையை அவர் விடையாக எழுதினால், ஊரைவிட்டுப் போகவைத்த வறுமையே கணக்கிலிருந்து போய்விடும்.

இந்தியாவில் இக்கலையை வளர்த்த மகலனோபிஸ் ஒரு வழக்கத்தை வற்புறுத்தினார். ஒரே பகுதியில் இரண்டு தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களை அனுப்பி, இருவர் விடைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அது. விடைகள் பெரிதும் வேறுபட்டால் களப்பணியில் எங்கோ கோளாறு உண்டு. தவறக்கூடியவர் நாம் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதைக் காட்டிக்கொடுக்கும் வழியையும் ஆய்வுக்குள்ளேயே வைத்த அந்தப் பணிவு வியக்கத்தக்கது.

சமூக ஆய்வு கற்கும் இளைஞர்கள் நம் கல்லூரிகளிலும் சமூகப்பணி மையங்களிலும் பலர் உளர். கணிப்பொறி நொடியில் நிறையிட்டுத் தரும். வாய்பாடுகளை ஓரிரு வாரங்களில் கற்றுவிடலாம். ஆனால் யார் பெயர் பட்டியலில் இல்லை, எந்தக் கதவு தட்டப்படவில்லை, இந்தச் சராசரிக்குள் யார் மறைந்திருக்கிறார் என்னும் மூன்று கேள்விகளை எந்தப் பொறியும் தானாகக் கேட்பதில்லை. ஒருவர் பலருக்காகப் பேசலாம். அந்தப் பலரில் ஒவ்வொருவருக்கும் அழைக்கப்படும் வாய்ப்பு மெய்யாகவே இருந்திருந்தால். அந்த வாய்ப்பை அளிப்பது மட்டுமே நம் கையில் உள்ளது. அதற்காக மலைப்பாதையில் இன்னும் சில கல் தொலைவு நடக்க நேர்ந்தால், அதுவும் கணக்கின் ஒரு பகுதியே.