விட்டுச் சென்றவர் கடன்

பயணத்தை அரபியர் ‘ஸஃபர்’ என்பர். திரை விலக்குதல் என்னும் பொருள் அதன் வேர்ச்சொல்லில் உண்டு. மனிதனின் உள்ளியல்பைத் திறந்து காட்டுவதால் அப்பெயர் வந்தது என மொழிநூலார் விளக்குவர். மதரஸாவில் பல்லாண்டுகள் இதனைக் கற்பித்த நாம், இலங்கையின் வடபுலத் தீவொன்றில் ஒரு நாள் மிதிவண்டி ஓட்டிய பின்னரே இதன் பொருளை உணர்ந்தோம்.

நம் இண்டூர் தருமபுரி மாவட்டத்தின் வறண்ட நிலத்தில் உள்ளது. கிணற்று நீரின் ஃபுளோரைடு பற்களைக் கறைப்படுத்திய வட்டாரம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கப்பட்டது. ஆகவே, தண்ணீரின் அருமையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே எண்ணியிருந்தோம்.

கோடையில் யாழ்ப்பாணம் சென்றிருந்த நாம், குறிகட்டுவான் துறையில் காலைப் படகேறி ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடைந்தோம். ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள சமதரைத் தீவு அது. வாடகை மிதிவண்டி ஒன்று கிடைத்தது. சாந்தின்றிப் பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், பனைகள், இடிந்த கோட்டை, அரபு வணிகர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் ஆகியவற்றைக் கண்டபின், குதிரைகள் மேயும் வெட்டவெளிக்குச் சென்றோம்.

போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரி வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை என்பது மரபுச் செய்தி. தேவை இருந்தவரை அவற்றுக்குத் தீனியும் நீரும் கிடைத்தன. தேவை தீர்ந்ததும் கட்டாக்காலிகளாயின. கடும் வறட்சியில் நீரின்றி மடிகின்றன.

நண்பகலில் ஒரு கிணற்றருகே, காய்ந்த தொட்டியை முகர்ந்தபடி பெண்குதிரை ஒன்றும் அதன் குட்டியும் நின்றன. கயிறும் வாளியும் அங்கே இருந்தன. நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். திரும்பும் படகு நினைவுக்கு வந்தது. ‘ஊரார் வந்து இறைப்பார்கள்’ என்று கடந்துவிட்டோம்.

சற்றுத் தொலைவில் வெயிலால் தலைசுற்றவே, ஒரு வீட்டு வாசலில் நின்றோம். மூதாட்டி ஒருவர் குடத்திலிருந்து செம்பு நிறைய நீர் தந்தார். தொலைவிலிருந்து சுமந்து வந்த நன்னீர். பணம் நீட்டினோம். “தண்ணிக்கு ஆரும் காசு வாங்குவினமோ, தம்பி? குடியுங்கோ” என்றார்.

அந்த நீர் நம் தொண்டையில் இலேசாக இறங்கவில்லை. ‘பர்ளு கிஃபாயா’ என்றொரு கடமை வகையைச் சட்ட நூல்கள் கூறும். ஊரில் சிலர் செய்தால் அனைவர் பொறுப்பும் நீங்கும். எவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். செய்யத்தக்கவர் அங்கே ஒருவரே எனில், அது அவருடைய தனிக்கடமையாகிவிடும். நாமோ முதற்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு தப்பியோடினோம். ‘அடுத்த வீட்டில் கேட்கட்டும்’ என அம்மூதாட்டியும் எண்ணியிருக்கலாமன்றோ?

கொண்டுவந்து விட்டவர்களின் கடனை நாம் ஏன் தீர்க்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், விட்டுச் சென்றவர்கள் மறைந்தனர், கடன் மறையவில்லை. உரியவரைத் தேடிப் பிடிக்கும்வரை தாகம் காத்திராது. எவர் கைக்கெட்டும் தொலைவில் கயிறும் வாளியும் உள்ளனவோ, அவர்மீதே அக்கடன் விழுகிறது.

வண்டியைத் திருப்பினோம். குதிரைகள் அங்கில்லை. தொட்டியை நிரப்பினோம், அவை மீண்டு வந்து குடித்தனவா என்பதை அறியோம். இறைக்க ஆன நேரம் கால் மணி. படகுத் துறையில் அதனினும் நீண்ட நேரம் காத்திருந்தோம்.