கண்டதைச் சொல்லுதல்

காண்பது எளிது; கண்டதைக் கண்டவாறு சொல்வது அரிது. நூல்களில் பலமுறை படித்திருந்தும், ஒரு சிறிய தொலைநோக்கியின் அருகே நின்ற ஓர் இரவில்தான் இந்த உண்மை எனக்கு உறைத்தது. அன்றிரவு நான் ஒரு சிறுமியைப் பொய் சொல்ல வைத்தேன்.

அந்தத் தொலைநோக்கி நண்பர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. முகப்பு வில்லையின் விட்டம் 70 மில்லிமீட்டர். குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். நிறுத்தி வைக்க மூன்று கால்களுடைய ஒரு தாங்கி. கண் வைத்துப் பார்க்கும் முனையில் பொருத்துவதற்கு இரு வில்லைகள் இருந்தன. 25 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 28 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 70 மடங்கும் பெருக்கிக் காட்டும். பெட்டியின் மேலோ ஐந்நூறு மடங்குக்கு மேல் என்று அச்சிட்டிருந்தது. இந்த அளவுள்ள முகப்பு வில்லைக்கு 140 மடங்கைத் தாண்டினால் பெரியதொரு மங்கலைத் தவிர வேறெதுவும் கிடைக்காது என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன். ஆக, பொய்ச்சாட்சி பெட்டியின் மேலேயே தொடங்கிவிட்டது.

கருவி தன்னைப் பயன்படுத்துவோரிடம் சில ஒழுக்கங்களை எதிர்பார்க்கிறது. பெரிய குழாயின் மேல் ஒரு சிறு குறிநோக்கி இருக்கும். பகல் வெளிச்சத்திலேயே தொலைவிலுள்ள ஒரு கோபுர உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, குறிநோக்கியின் திருகுகளைத் திருப்பி, அதிலும் அதே உச்சி நடுவில் நிற்குமாறு செய்ய வேண்டும். கதிரவன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் கண் பறிபோகும். இரவில் கருவியை அரைமணி நேரம் வெளியே வைத்து, வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு அதைப் பழக்க வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடியில் வைத்தால், அடுப்பின் மேலாகப் பார்ப்பது போலக் காட்சி நடுங்கும். மண் தரையே நல்லது. நம் கண்களும் இருளுக்குப் பழக இருபது நிமிடங்களாவது வேண்டும். முதலில் குறைந்த பெருக்கத்தில் தேடி, பிறகே கூடுதலான பெருக்கத்துக்குச் செல்ல வேண்டும். 70 மடங்கில் பார்க்கும்போது, பூமி சுழல்வதால் கோளானது மூன்று நிமிடங்களுக்குள் பார்வையை விட்டு நழுவிவிடும். பொறுமையற்றவனுக்கு வானம் எதையும் காட்டுவதில்லை.

2019ஆம் ஆண்டில் இந்தக் கருவியால் சனிக்கோளை முதன்முதலாகக் கண்டேன். வளையம் அகன்று விரிந்து, சிறியதாயினும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அந்தக் காட்சி என் மனத்தில் படமாகப் பதிந்துவிட்டது. பின்னர் நேர்ந்த பிழைக்கு அந்தப் படமே காரணமாயிற்று.

2025 நவம்பரில், மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருந்த ஒரு மாலையில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரைப் பள்ளி மைதானத்திற்கு வரச் சொன்னேன். “சனியின் வளையத்தைக் காட்டப் போகிறேன்” என்று முன்கூட்டியே அறிவித்தும் இருந்தேன். கோள் ஏறக்குறைய தலைக்கு மேலே இருந்தது. குழாயைத் திருப்பி, ஒளிப்புள்ளி நடுவில் நிற்பதை மட்டும் அவசரமாகப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். முதல் சிறுவன் பார்த்த மாத்திரத்தில், “வளையம் தெரியுது சாமி!” என்று கூவினான். அடுத்தவனும் அப்படியே சொன்னான். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். பதினொன்றாவதாக வந்தவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. வெகுநேரம் பார்த்தாள்.

“உருண்டையாத்தான் இருக்கு சாமி. வளையம் இல்ல.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் சொன்னேன்: “நல்லாப் பாரும்மா. எல்லாருக்கும் தெரியுதே!”

மறுபடியும் குனிந்தாள். நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. “தெரியுது சாமி” என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

எல்லாரும் சென்ற பின் தனியாக அமர்ந்து நிதானமாகப் பார்த்தேன். வளையம் இல்லை. வில்லையைத் துடைத்தேன், மாற்றினேன், குவியத்தைத் திருத்தினேன். சிறியதொரு வட்டம், அதன் குறுக்கே மயிரிழை போன்ற ஒரு கோடு, இருப்பது போலவும் இல்லாதது போலவும். உள்ளே சென்று விவரம் தேடியபோது காரணம் விளங்கிற்று. சனியின் வளையம் குறுக்கே ஏறத்தாழ 2,70,000 கிலோமீட்டர் அகலமுடையது. தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்களே. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் விளிம்பு நமக்கு நேராகத் திரும்பும்போது, விளிம்புப் பக்கமாகப் பிடித்த காகிதத்தைப் போல அது கண்ணுக்கு மறைந்துபோகும். 2025 மார்ச்சில் அப்படித்தான் ஆயிற்று. நவம்பரிலும் அது மீண்டும் அந்நிலையை நெருங்கியிருந்தது. அந்தச் சிறுமி கண்டதே சரி. மற்றப் பிள்ளைகள் பாடநூலின் படத்தைக் கண்டார்கள். நானோ 2019ஆம் ஆண்டைக் கண்டேன்.

அப்படியானால் அன்றிரவு பொய் சொன்னவர் யார்? மற்றப் பிள்ளைகள் தாங்கள் கண்டதாக நம்பியதையே சொன்னார்கள். நானும் அறிந்து ஏமாற்றவில்லை. தான் காணாததை அறிந்தே கண்டதாகச் சொன்னவள் ஒருத்திதான். உண்மையாகக் கண்டவளும் அவள் ஒருத்திதான். அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் குற்றம் குறைகிறது என்று குருமடத்தில் படித்திருக்கிறேன். அந்தக் கணக்கின்படி நான் தப்பிவிடலாம். ஆனால் அந்தக் கணக்கு அன்றிரவு எனக்கு உறக்கத்தைத் தரவில்லை. நானே சரிவரப் பார்க்காத ஒன்றை உறுதியாக அறிவித்தேன். பின்பு, உண்மையைச் சொன்ன சாட்சியை என் பதவியாலும் பிறருடைய எண்ணிக்கையாலும் பணிய வைத்தேன்.

வானைத் தொலைநோக்கியால் பார்க்கத் தொடங்கிய காலத்திலேயே இந்தச் சிக்கலும் தொடங்கிவிட்டது. 1610 சனவரியில் கலிலேயோ வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் போலோஞா நகரில் கற்றறிந்தோர் பலருக்கு அவற்றைக் காட்ட முயன்றபோது, அவர்களால் தெளிவாகக் காண இயலவில்லை. துணைக்கோள்கள் இல்லாமற் போய்விடவில்லை. பழகாத கண்ணுக்கு அவை பிடிபடவில்லை. ஆகவே, “எனக்குத் தெரியவில்லை” என்று ஒருவர் சொல்வதால் ஒரு பொருள் இல்லையென்று ஆகிவிடாது. அதே வேளையில், அப்படிச் சொல்பவர் பொய்யர் என்றும் ஆகிவிடாது.

இதற்கொரு நல்ல வழியைக் கண்டவர் யோகான்னஸ் கெப்ளர். 1610 ஆகஸ்டு இறுதியில் அவருக்கு ஒரு தொலைநோக்கி சில நாள்களுக்கு இரவலாகக் கிடைத்தது. உடனிருந்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் கண்டதைப் பிறர் அறியாதவாறு சுண்ணக்கட்டியால் வரைந்து, அதன் பிறகே அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்தார். ஒருவர் சொல் மற்றவர் கண்ணில் நுழையாதபடி வேலியிட்ட செயல் அது.

உரோமைக் கல்லூரியின் இயேசு சபைக் கணித அறிஞர்களும் இங்கே நினைக்கத் தக்கவர்கள். முதலில் ஐயுற்ற கிளாவியுஸ் அடிகளார் பின்னர்த் தாமே பார்த்துத் துணைக்கோள்களை ஏற்றார். 1611 ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மின் கேட்டபோது, அவ்வறிஞர்கள் கலிலேயோ கண்டவற்றைப் பெரும்பாலும் உறுதிசெய்தனர். ஆனால் சனியைப் பற்றிச் சொல்லும்போது, அது நீள்வட்டமாகத் தெரிகிறது என்றும், இருபுறமும் தனித்த சிறு கோள்களாகப் பிரிந்து நிற்பதைத் தாங்கள் காணவில்லை என்றும் எழுதினர். கண்ட அளவுக்குச் சாட்சி; அதற்கு ஒரு முழம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

கலிலேயோவும் அப்படியே. சனியின் இருபுறமும் எதையோ கண்டதாக 1610இல் அறிவித்தவர், வளையம் விளிம்புப் பக்கம் திரும்பிய 1612இல் அவற்றைக் காணவில்லை என்பதையும், காரணம் தமக்கு விளங்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். அவை தட்டையான மெல்லிய வளையம் என்ற விளக்கத்தை ஹைகென்ஸ் வெளியிட்டது 1659இல்தான்.

அந்தக் கலிலேயோ, 1633 சூன் 22 அன்று உரோமையில் முழந்தாளிட்டுத் தம் கொள்கையை மறுத்துரைக்க நேர்ந்ததை நாம் அறிவோம். 1992இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அந்த வழக்கில் நேர்ந்த பிழையை வெளிப்படையாக ஏற்றார். இந்த வரலாற்றைப் படிக்கும் போதெல்லாம், அதிகாரத்தில் இருந்தோரின் பிடிவாதத்தை எண்ணி வருந்தியிருக்கிறேன். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளின் வரிசைக்கு முன்னால் நானும் அதே இடத்தில் நிற்பேன் என்று எண்ணியதில்லை.

“நல்லாப் பாரும்மா” என்று நான் சொன்னதில் தவறில்லை. அது ஆசிரியரின் கடமை. அத்துடன் குவியத்தை அவள் கண்ணுக்கேற்பத் திருத்தித் தந்திருக்க வேண்டும். “எல்லாருக்கும் தெரியுதே” என்ற அடுத்த சொல்தான் தவறு. முன்னது காண்பதற்கு உதவி. பின்னது ஒத்துக்கொள்ளச் சொல்லும் மிரட்டல். இவ்விரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அன்பான குரலில் சொல்லிவிடுகிறோம். வீட்டிலும் வகுப்பிலும் செபக்கூட்டத்திலும் இது நடக்கிறது. ஆறுதல் கிடைத்ததா என்று கேட்கும்போதே, கிடைத்தது என்ற விடையை மட்டும் எதிர்பார்த்து நிற்கிறோம். பெத்சாய்தாவில் பார்வையற்றவரிடம் நம் ஆண்டவர் அவ்வாறு கேட்கவில்லை. மனிதர்கள் நடக்கும் மரங்களைப் போலத் தோன்றுகிறார்கள் என்று, அரைகுறையாகக் கண்டதை அம்மனிதர் அப்படியே சொன்னார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, மீண்டும் கைவைத்தார். அரைப் பார்வையை மறைக்காததால் முழுப் பார்வை கிடைத்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் எல்லாருக்கும் முன்பாக நடந்ததைச் சொல்லி, அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றப் பிள்ளைகள் இந்தமுறை சிரிக்கவில்லை.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், இரவு ஒன்பது மணியளவில், கிழக்கே எழுந்திருந்த வியாழனை நோக்கிக் கருவியை நிறுத்தினேன். என்ன தெரியும் என்று முன்னதாக எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, கண்டதைத் தனித்தனியே வரையச் சொன்னேன். சிலர் வட்டத்தின் அருகே நான்கு புள்ளிகள் வைத்திருந்தார்கள், சிலர் மூன்று. அந்தச் சிறுமியின் தாளில் இரண்டே புள்ளிகள்.

“எனக்கு ரெண்டுதான் தெரிஞ்சுது சாமி” என்றாள்.

“ரெண்டு தெரிஞ்சா ரெண்டுதான் வரையணும். சரியாச் செஞ்சிருக்க” என்று சொல்லி, குவியத் திருகை அவள் கையிலேயே கொடுத்தேன். மெதுவாகத் திருப்பிக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள். பின்பு, யாரும் கேட்காமலே, தாளில் மூன்றாவது புள்ளியை வைத்தாள்.