மணப்பாட்டுக் கெபியும் இருபது தோணிகளும்



தூத்துக்குடி மேற்றிராசனத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு என்னும் கடற்கரை ஊரில் ஒரு கெபி உண்டு. கடலோரமாய் எழும்பி நிற்கும் குன்றின் அடியில், அலைகளை நோக்கி வாய் திறந்திருக்கும் சிறிய குகை அது. குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில். கெபிக்குள் ஒரு கிணறு. உப்புக் கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, அதன் தண்ணீரோ குடிக்கத் தக்கது. பாரீஸ் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்ற அர்ச். சவேரியார் 1542-ம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபின், இந்தக் கெபியில் தங்கி ஜெபித்தார் என்பது அவ்வூராரின் பரம்பரை வழக்கு.

வருகிற டிசம்பர் 3-ம் தேதி அவருடைய திருநாளை முன்னிட்டு அங்கே ஒரு வண்டி புறப்பட வேண்டுமென்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நல்லது, போய் வருவோம். அப்படியே கன்னியாகுமரிக்கும் போய்ப் படகேறிப் பாறையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் வாலிபர்கள். அதற்கும் ஆட்சேபமில்லை. ஆனால் அந்தக் கெபி ஊருக்கும் அந்தக் குமரிக் கடலுக்கும் நடுவே ஒரு படகுப் பிரயாணம் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டு போவது நலம்.

1544-ம் ஆண்டு ஜூன் மாதம். வடுகர் எனப்பட்ட படையினர் குமரிமுனைப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் புகுந்து கொள்ளையிட்டார்கள். ஏழைப் பரதவர்கள் பெண்டு பிள்ளைகளோடு ஓடிக் கடலுக்குள் நிற்கும் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். படை அங்கே வராது. சோறும் தண்ணீரும் வராதே!

மணப்பாட்டில் இருந்த சவேரியார் இருபது தோணிகளில் ஆகாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். அந்த மாதத்தில் கச்சான் என்று கடலோர மக்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும். துடுப்பு வலித்துப் பார்த்தார்கள். கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள். முனையை எட்ட முடியவில்லை. திரும்ப வேண்டியதாயிற்று. தமது துணைவர் மான்சிலாஸ் என்பவருக்கு அவரே இதை எழுதியிருக்கிறார். காற்று அடங்கவில்லை, அற்புதம் எதுவும் நடக்கவில்லை. நண்டு சிலுவையைக் கொண்டுவந்து கொடுத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற நாம், இதைச் சொல்வதேயில்லை.

கடல் வழி விடாமற் போகவே, அவர் தரைவழியாய் நடந்து போனார். அங்கே கண்டதை ஆகஸ்டு மாதத்துக் கடிதத்தில் எழுதுகிறார்: உண்ண ஒன்றுமில்லாதவர்கள், நடக்கமாட்டாத கிழவர்கள், செத்துப்போனவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். தப்பினவர்களை மணப்பாட்டுக்கு வரவழைத்தார். செல்வர்களுடைய மனம் இளகும்படி ஜெபிக்கவும் கேட்டுக்கொண்டார்.

நம்முடைய காஞ்சிபுரத்தில் கடல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது. ஈரக்காற்றில் பாவு விறைப்பு இழக்கிறது. நெசவாளி பாவைச் சுருட்டி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருகிறார். சேலை இறங்கினால்தான் கூலி. முன்பணமாய் வாங்கியதோ கடனாய் நிற்கிறது. அடுப்பு எரியவில்லை என்று அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். பட்டு நெய்கிற கைக்கு ஒரு கௌரவம் உண்டல்லவா? வீட்டிலிருக்கும் அம்மாள் பக்கத்து வீட்டில் அரிசி கைமாற்று வாங்கும்போதுதான் தெருவுக்குத் தெரியும்.

இதற்கு நாம் சொல்லும் சமாதானங்களும் எனக்குத் தெரியும். சபையில் பணமில்லை, சங்கம் பார்த்துக்கொள்ளும், சர்க்கார் ஏதாவது கொடுக்கும். இவையெல்லாம் காற்றைப் பற்றிய பேச்சு. பெரிய தோணி போகவில்லையென்றால் கால் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் எந்தக் கச்சானும் குறுக்கே நிற்கவில்லை. அந்த வீட்டார் நம்முடைய கோயிலுக்கு வருகிறவர்களா என்று தயவுசெய்து பார்க்க வேண்டாம். முதலாளிமாராய் இருக்கிறவர்கள், மழைக்காலத்துக் கணக்கில் பிடித்தத்தைத் தள்ளிவைத்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

ஆகையால் வண்டிக்குப் பணம் இந்த வாரம் வாங்கப்போவதில்லை. பெயர் கொடுக்க வருகிறவர்கள், தங்கள் தெருவில் தறி நின்ற வீடுகளை நேரில் போய் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள். வியாழக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் அந்த வீடுகளுக்குப் புறப்படுகிறேன். கூட நாலைந்து பேர் வேண்டும். குடை எடுத்து வாருங்கள்.