கண் சாயும் பக்கம்

தராசின் முள் பூஜ்யக் கோட்டில் நிற்கிறதா இல்லையா என்பது பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. முள்ளுக்கும் அதன் பின்னால் இருக்கும் கோடுகளுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். கண் 30 பாகை மேலே ஏறிவிட்டால், முள் 1 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகக் கீழே இறங்கிவிட்டதாகத் தெரியும். முள் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். கல்லூரியில் வேதியியல் நடத்திய காலம் முழுக்க இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். இந்தப் பிழைக்குப் பயந்து தராசுக்கு முன்னால் கேமரா வைத்துக்கொண்ட மனிதரைப் பார்த்தது மட்டும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில்தான்.

பெரிய மகள் அங்கே வில்லியம்ஸ்போர்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். சஸ்குவஹானா ஆற்றங்கரை ஊர். ஆயிரம் கெஜத் தூரத்தில், அதாவது 914 மீட்டருக்கு அப்பால், காகித இலக்கை வைத்துச் சுடும் போட்டிக்கு 1967இலேயே கிளப் தொடங்கிய இடம். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அந்தப் போட்டிக்குப் போகிறவர். துப்பாக்கி என்றாலே எனக்கு ஒவ்வாது, அந்த நாட்டில் அது செய்துவரும் கேட்டை நினைத்தால் இன்னும் ஒவ்வாது. அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அவருடைய கராஜில் ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த தராசைக் கண்டதும் உள்ளே போகாமல் இருக்க முடியவில்லை.

போட்டிக்குச் சுடுகிறவர்கள் தோட்டாவைப் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்கிறார்கள். ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டைத் துடைத்து, அளவுக்குத் திருத்தி, தீமூட்டும் புதுப் பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்துவது. இதில் மருந்தை நிறுப்பதுதான் உயிரான வேலை. கூடிப்போனால் துப்பாக்கியே வெடிக்கலாம். அந்த எல்லைக்கு உள்ளே இருந்தாலும், ஒன்றுக்கொன்று சிறிது மாறினால் குண்டின் வேகம் மாறும். ஆயிரம் கெஜம் போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகிற குண்டு, அந்த வேக வித்தியாசத்தை இலக்கில் மேலும் கீழுமாகக் காட்டிவிடும்.

அவர் வைத்திருந்தது பழைய தண்டுத் தராசு வகை: ஒற்றைத் தட்டு, நீண்ட தண்டு, அகேட் கல்லில் உட்காரும் கத்திமுனை. தண்டின் ஒரு முனையில் ஒரு செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஆடும். ஆடும்போதே அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து ஆட்டத்தை அடக்கிவிடும். எங்கள் ஆய்வகத்துக் கெமிக்கல் பேலன்ஸில் இந்த வசதி கிடையாது. முள் ஓயும்வரை காத்திருக்க நேரமும் கிடையாது. இடமும் வலமுமாக அது திரும்பும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, சராசரி போட்டு, அது கடைசியில் எங்கே நிற்கப்போகிறது என்று கணக்கில் கண்டுபிடிப்போம்.

அந்தத் தராசு 0.1 கிரெயின் வரை காட்டும். 7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு; ஒரு கிரெயின் ஏறக்குறைய 64.8 மில்லிகிராம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1833இல் ஒரு தோலா என்பதை 180 கிரெயின் என்று நிர்ணயித்தார்கள், ஆகவே நம் பாட்டிமார் நகைக்கும் இந்த அளவு அந்நியமில்லை. அவர் பயன்படுத்திய மருந்து சின்னச் சின்ன உருளைத் துண்டுகளாக இருந்தது, பென்சில் லெட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டதுபோல. அப்படி நாலைந்து துண்டு சேர்ந்தால் 0.1 கிரெயின். வெறுங்கண்ணால் பார்த்தால் ஒரு துண்டு விழுந்ததற்கு முள் அசைந்த மாதிரியே தெரியாது.

இங்கேதான் கேமரா வருகிறது. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வைத்துக்கொள்ளும் சாதாரண வெப்கேம். அதைத் தகரத்தில் வளைத்த ஒரு தாங்கியில், முள்ளின் உயரத்துக்கே, நேர் எதிரே திருகி வைத்திருந்தார். படம் பழைய மானிட்டரில் விழுந்தது. முள் திரையில் விரல் தடிமனுக்குத் தெரிந்தது. பூஜ்யக் கோடு ஒரு கறுப்புப் பட்டையாக நின்றது. சிறு குழாயை விரலால் உருட்டி உருட்டி ஒவ்வொரு துண்டாகத் தட்டில் உதிர்த்தார். ஒரு துண்டு விழுந்தது. திரையில் முள் மெல்ல ஏறி, முன்பைவிட இம்மியளவு உயரத்தில் நின்றது. இன்னொன்று. இன்னும் இம்மியளவு. என் வாழ்நாளில் பாதியைத் தராசுகளோடு கழித்திருக்கிறேன். ஒரு துகளின் எடையை அப்படிக் கண்ணால் கண்டதில்லை.

வயதாகிப் பார்வை மங்கியதால் கேமராவா என்று கேட்டேன். முதலில், குனிந்து குனிந்து கழுத்து வலித்தது என்றார். குழாயை இன்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு வேறொன்று சொன்னார். “மாலை ஆகிவிட்டால் நான் குனியும் விதம் மாறிவிடும். முள் கோட்டுக்கு வந்தாக வேண்டும் என்று தோன்றும். அது வராவிட்டால் என் தலை இறங்கிக் கொடுக்கும். எனக்கே தெரியாமல்தான். கேமரா அப்படி இறங்காது.”

டைட்ரேஷன் பிராக்டிகல் நடக்கும் அறையில் நின்றவர்களுக்கு அவர் சொன்னது புரியும். முதல் முறை பியூரெட் ரீடிங் 20.1 மில்லிலிட்டர் வந்திருக்கும். இரண்டாவதும் அதே அளவு வந்தால்தான் கணக்கு சேரும். வராவிட்டால் மறுபடி செய்ய வேண்டும், மணியோ ஆகிவிட்டது. பிள்ளை, திரவம் வளைந்து நிற்கும் கீழ்ப்பிறையைப் பார்க்கக் குனிகிறது. 20.0 என்று தெரிகிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்குகிறது. இப்போது 20.1. அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதுகிறது. நல்ல பிள்ளைகள், திருட்டுத்தனம் என்பதே அறியாத பிள்ளைகள், இப்படி முழங்காலை மடக்குவதை எத்தனையோ முறை பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். வேண்டும் என்ற ஆசை நாக்குக்கு வருவதற்கு முன்பே முழங்காலுக்கு வந்துவிடுகிறது. பொய் சொல்லாதே என்று வளர்த்துவிடலாம். பார்வையை வளைக்காதே என்று எப்படி வளர்ப்பது? வளைப்பவருக்கே அது தெரியாதே.

கேமரா மட்டும் நேராகவா பார்க்கிறது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் தாங்கியின் திருகைத் தளர்த்தி, வேண்டுமென்றே கேமராவைச் சற்று மேலே தூக்கிக் காட்டினார். திரையில் முள் கோட்டைவிட்டுக் கீழே போயிற்று. பிறகு காலித் தட்டோடு தராசின் அடித்திருகைத் திருகி, அதே திரையில் முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். எடை தெரிந்த சோதனைக் கல்லைத் தட்டில் வைத்தார். சரியாகக் காட்டியது. கோணலாகப் பார்க்கும் கண்ணாக இருந்தாலும், பூஜ்யத்தையும் பாரத்தையும் அதே கோணலில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றையொன்று கழித்துவிடும். ஆபத்து, கோணம் நடுவில் மாறுவதில்தான் இருக்கிறது. கேமராவை யாராவது இடித்துவிட்டால் அன்றைய வேலையை முதலிலிருந்து தொடங்குவாராம்.

பார்க்கிறவரின் சாய்வையும் கழிக்க வேண்டும் என்பதை மனிதர்கள் கற்றுக்கொண்ட விதம் எனக்கு எப்போதும் வருத்தமும் ஆறுதலும் தருவது. கிரீன்விச் வானாய்வகத்தில் 1790களில் தலைமை வானியலாளராக இருந்தவர் நெவில் மஸ்கிலைன். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னிபுரூக். தொலைநோக்கிக்குள் கட்டியிருக்கும் கம்பியை நட்சத்திரம் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் டிக்டிக் ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் குறிக்க வேண்டும். வினாடியில் பத்தில் ஒரு பங்குவரை மனத்தால் மதிப்பிட வேண்டும். கின்னிபுரூக்கின் குறிப்புகள் மஸ்கிலைனுடையதைவிடப் பின்தங்கின. முதலில் அரை வினாடி. திருத்திக்கொள்ளச் சொல்லியும் 0.8 வினாடிவரை போயிற்று. வானத்தில் அது 12 வில்வினாடி வரை இடப்பிழை. ஏதோ தவறான முறையில் பழகிவிட்டார் என்று முடிவுகட்டி, மற்றபடி உழைப்பாளி என்ற வருத்தத்தோடே, 1796இல் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார் மஸ்கிலைன்.

பல ஆண்டுகள் கழித்து இந்தச் செய்தியைப் படித்த பெசல் என்ற வானியலாளர், கோனிக்ஸ்பெர்க்கில் இருந்தவர், வேறொரு கேள்வி கேட்டார். பிழை அந்த இளைஞனுடையது என்று எப்படித் தெரியும்? 1820களில் தன்னையும் தன்னைப்போலத் தேர்ந்த மற்ற வானியலாளர்களையும் ஒரே நட்சத்திரங்களைக் குறிக்கச் செய்து ஒப்பிட்டார். அவருக்கும் அவர்களில் ஒருவரான ஆர்கெலாண்டருக்கும் நடுவே ஒரு வினாடிக்கு மேலேயே வித்தியாசம் வந்தது. கின்னிபுரூக்கை வேலையிழக்க வைத்ததைவிடப் பெரிய இடைவெளி, ஐரோப்பாவின் மிகச்சிறந்த கண்களுக்கு நடுவே. அதன்பின் வானியலாளர்கள் ஒவ்வொருவருக்கும் உரிய சாய்வை அளந்து, கணக்கில் கழித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஆளை அனுப்புவதற்குப் பதில் ஆளின் அளவைத் தெரிந்துகொண்டார்கள். 1840களில் அதே கிரீன்விச்சில் காந்த ஊசிகளின் அசைவை ஒளிப்படத் தாளில் தானாகவே பதியும்படி செய்தார் சார்லஸ் புரூக். ஊசியைப் பார்க்கும் வேலையைக் கண்ணிடமிருந்து ஒளிப்படத்திடம் விடுவது அவ்வளவு பழைய பழக்கம்.

மஸ்கிலைன் கெட்டவர் அல்லர். இரண்டு பேர் சொல்வது மாறுபட்டால் மாறுபடுகிறவர் மற்றவர்தான் என்று நம் எல்லாருக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது. அப்பாவுக்கு யார் அதிகம் செய்தார்கள் என்று பேச ஆரம்பித்துப் பேச்சே நின்றுபோன அண்ணன் தம்பிகள் எங்கள் தெருவிலேயே உண்டு. இருவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

நாள்தோறும் அருகிலிருந்து ஆசையோடு பார்க்கிற கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரிவதே இல்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் அவள் மெலிந்துவந்தது வீட்டில் யாருக்கும் புலப்படவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது பழைய அளவே போதும் என்று சொல்லியனுப்பினோம். தையற்காரர் கேட்கவில்லை. “எதுக்கும் ஒரு தடவ அளந்துக்கிடுதேன்” என்று டேப்போடு வந்துவிட்டார். அவருடைய நீள நோட்டில் அம்மாவின் பெயருக்கு நேரே பழைய எண் இருந்தது. புதியதை அதன் கீழே எழுதினார். இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. மறுநாளே மருத்துவரிடம் போனோம். அந்த நோட்டுக்கு அம்மாமேல் பாசம் இல்லை. அதனால்தான் அதற்குத் தெரிந்தது. அவளோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்க எங்களுக்கு வழிசெய்ததும் அதுதான்.

இதனால் எல்லாவற்றையும் அளந்து பார்க்கக் கிளம்புவது எனக்கு உடன்பாடில்லை. நடக்கிற அடியையும் தூங்குகிற நேரத்தையும் பிள்ளையின் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு வியாதி. துப்பாக்கிக்காரர்களிலேயே நூறு, இருநூறு கெஜத்தில் போட்டியிடுகிறவர்கள் பலர் மருந்தை நிறுப்பதே இல்லை. அளவுக் குழியில் நிரப்பிக் கொட்டிவிடுகிறார்கள், அந்தத் தூரத்துக்கு அது போதும். அழுதுகொண்டு வருகிறவரிடம் இவ்வளவு அழத் தகுமா என்று நிறுத்துப் பார்க்கிறவர் மனிதரே அல்லர். ஆனால் விளைவில் எனக்கு ஆசை இருந்து, அந்த விளைவு இன்னொருவரையும் தொடுமானால், அங்கே நான் தனியாக முள்ளைப் பார்க்கக் கூடாது. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்துத் திருத்தக் கொடுப்பது ஆசிரியர்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. பெயர் தெரிந்தால் யாருடைய தலையும் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும்.

திருநெல்வேலியில் இருக்கும் வீட்டை இரண்டு மகள்களுக்கும் பிரித்து எழுதிவைக்கும் வேலை இந்த ஆண்டு முடிந்தாக வேண்டும். சின்னவள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்; எனக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்கு முன்னால் வாங்கி வைப்பவள் அவள். மாடி கட்டும்போது பணம் அனுப்பியவள் பெரியவள். மாத்திரையைத் தினமும் பார்க்கிறேன். மாடிக்கு ஏறுவதே இல்லை. ஆகவே பங்குப் பத்திரத்தை நான் எழுதப்போவதில்லை. ஊரில் எல்லாருக்கும் கணக்குப் பார்த்துத் தருகிற அக்கா மகனிடம் விடுகிறேன். சதுர அடிக் கணக்கையும் மாடிச் செலவையும் கொடுப்பதற்கு முன்னால், மாமா சின்னவள் பக்கம் சாய்கிறவன் என்பதை அவனிடம் சொல்லிவிடுவேன். அதைக் கழித்துக்கொண்டு மற்றதைக் கேட்கட்டும். பெரியவளிடமும் போனில் இதையே சொன்னேன். “அது எனக்கு அஞ்சு வயசுலயே தெரியும்ப்பா” என்று சிரித்தாள். அளவுகளை அனுப்பிவை, நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றாள்.