நிர்ப்பந்தத்தில் கொடுத்த வாக்கு

சிறையில் இருப்பவன் கொடுக்கும் வாக்கு அவனைக் கட்டுப்படுத்துமா? நீதி நூலார் நெடுங்காலம் வாதிட்டு வந்த இந்தக் கேள்வியை, 1525ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி வட இத்தாலியில் பவியா நகரருகே நிகழ்ந்த போர், ஒரு மன்னனின் முன் கொண்டுவந்து நிறுத்தியது.

பிரான்சின் முதலாம் பிரான்சிஸ் முந்திய ஒக்டோபர் முதல் அந்நகரை முற்றுகையிட்டிருந்தான். அதனை மீட்க வந்த பேரரசன் ஐந்தாம் சாள்ஸின் படையோ சம்பளம் காணாத படை. இனியும் தாமதித்தால் அது கலைந்துபோகும் என்றஞ்சியே தளபதிகள் போருக்குத் துணிந்தனர். மிரபெல்லோ வேட்டைவனத்தின் மதிலை இரவோடிரவாக உடைத்து உட்புகுந்தனர். குதிரைவீரருடன் பாய்ந்த பிரான்சிஸ் தன் பீரங்கிகளுக்கே குறுக்கே சென்று அவற்றை வாயடைக்கச் செய்தான். முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது, மன்னன் சிறைப்பட்டான்.

களத்தில் வீழ்ந்த பிரபுக்களின் பெயர்களை வரலாற்று நூல்கள் வரிசையாகச் சொல்லுகின்றன. தப்பியோடித் தீச்சினோ ஆற்றில் மூழ்கிய சுவிஸ் கூலிப்படையினருக்குப் பெயரில்லை. பிரான்சின் கூலிக்கு நின்ற ஜேர்மன் ஈட்டிக்காரரைப் பேரரசனின் கூலிக்கு நின்ற ஜேர்மன் ஈட்டிக்காரர் ஈவிரக்கமின்றிக் கொன்று தீர்த்தனர். ஒரே மொழி, ஒரே வறுமை. சம்பளம் தருபவன் மட்டுமே வேறு. மன்னனோ, மானமும் உயிரும் தவிர அனைத்தும் போயின என்று தாய்க்குக் கடிதம் எழுதினான்.

அந்த மானம் பின்னர் பட்ட பாட்டை நாம் பார்க்கவேண்டும். 1526 ஜனவரி 14ஆம் திகதி மட்ரிட் உடன்படிக்கையில் பேர்கண்டி நாட்டைச் சாள்ஸுக்கு விட்டுக்கொடுப்பதாகப் பிரான்சிஸ் சத்தியம் செய்தான். அதற்கு முதல் நாளே நொத்தாரிசுமாரை வைத்து, இவ்வாக்கு நிர்ப்பந்தத்தாற் பெறப்படுவது, ஆகவே செல்லாதது என்று இரகசியமாகப் பதிவு செய்துவிட்டான். மார்ச்சில் பிடாசோவா ஆற்றின் நடுவே கைமாற்றம் நடந்தது. மன்னன் இக்கரை ஏற, அவனுடைய இரு மைந்தர்கள் பணயமாக அக்கரை சென்றனர். மூத்தவனுக்கு எட்டு வயது. இளையவனுக்கு ஏழு நிரம்பவில்லை. நாடு திரும்பியவன் உடன்படிக்கையை மறுத்தான். பாப்பரசர் அவனைச் சத்தியத்திலிருந்து விடுவித்தார். பிள்ளைகளை விடுவிக்கத்தான் எவருமில்லை. 1530 ஜூலை வரை, இருபது இலட்சம் பொன் நாணயம் மீட்புப் பணமாகப் பேசி முடிக்கப்படும்வரை, அவர்கள் ஸ்பானியக் கோட்டைகளிலே கிடந்தனர்.

மன்னனின் வாதத்தை நாம் தள்ளிவிட முடியாது. கழுத்தில் கத்தியை வைத்து வாங்கிய கைச்சாத்து கைச்சாத்தன்று. முறிக்கும் எண்ணத்தோடே சத்தியம் செய்ததும், அதற்கு ஈடாகத் தன் உடலையன்றிச் சிறுவரின் உடலை வைத்ததும் இழிவானவை. ஆயினும் வாதம் சரியானதே. சரியான வாதம் யாருக்கெல்லாம் உரியது என்பதே நமது கேள்வி.

பவியாவின் ஈட்டிக்காரர் பலர் தென் ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள். அதே தென் ஜேர்மனியில், போர் முடிந்து சில வாரங்களுள், மெமிங்கன் நகரிலே குடியானவர்கள் பன்னிரு கோரிக்கைகளை எழுதினர். பண்ணையடிமைத்தனம் ஒழியவேண்டும் என்பது மூன்றாவது. நீர்நிலையை விலைகொடுத்து வாங்கியதாக எவராவது ஆவணம் காட்டினால் அவரோடு சுமுகமாகப் பேசித் தீர்ப்போம் என்ற நிதானமும் அதில் இருந்தது. இவர்கள் எந்த உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டவர்களல்லர், கட்டுண்டே பிறந்தவர்கள். மன்னனுக்காவது உடன்படிக்கையை வாசித்துப் பார்க்க வாய்த்தது.

நிர்ப்பந்தம் வாக்கை அழிக்குமெனில் இவர்களைக் கட்டிய கட்டு எப்போதோ அறுந்திருக்கவேண்டும். எந்தச் சட்ட வல்லுநரும் அப்படிச் சொல்லவில்லை. கலகக்காரரை வெட்டிச் சாய்க்கும்படி மார்ட்டின் லூதரே பிரபுக்களுக்கு எழுதினார். பவியாவில் வேலை முடிந்து திரும்பிய கூலிப்படையினரும் பிரபுக்களின் சேனையிற் சேர்க்கப்பட்டனர். மாண்டோர் தொகை ஒரு இலட்சத்தை எட்டியிருக்கலாம் என மதிப்பிடுவோர் உண்டு. எஞ்சியோர் ஊரூராகத் திரட்டப்பட்டு, ஆயுதங்களை ஒப்படைத்து, பிரபுவுக்கு மீண்டும் விசுவாசப் பிரமாணம் செய்யவைக்கப்பட்டனர். அந்தப் பிரமாணத்துக்கு முதல் நாள், அவர்களுடைய மறுப்பை எழுதிக்கொள்ள நொத்தாரிசு எவரும் வரவில்லை.